கழித்த கலையும் ஊர்ச் செல்வமே

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், விளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. முதலில் வர வேண்டியவையும் அவையே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ, பலர் ஒரு பொருளாகவே மதியாத ஒன்று. உடைந்த மண்குதிரை, உளுத்த தேர்ப்பலகை, தட்டு ஒடிந்த குத்துவிளக்கு, கிழிந்த பட்டுச்சேலை ஆகியவற்றைப் பற்றியே பேசப்போகிறோம். இவை ஒரு காலத்தில் கலைப்பொருள்களாய் விளங்கியவை. இன்று கழிக்கப்பட்டு மூலையில் கிடப்பவை. இவற்றிலிருந்து மீண்டும் கலை பிறக்குமா, பிறந்தால் ஊருக்கு என்ன நன்மை, அதில் பஞ்சாயத்தின் கடமை என்ன என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓர் ஊரில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். பழைய தேர் ஓட இயலாதபடி உளுத்துப் போனமையால், ஊரார் பொருள் திரட்டிப் புதுத்தேர் செய்ய முற்பட்டிருந்தனர். நற்செயலே. ஆனால், பழைய தேரின் சட்டங்களையும் சிற்பப் பலகைகளையும் விறகுக் கணக்கில் எடைபோட்டு விற்றுவிட்டனர். அவற்றுட் பல நகரத்து வணிகர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. சில மாதங்கள் கழித்துப் புதுத்தேர் வேலைக்கு வந்த ஸ்தபதி, பழைய தேரின் பீடத்தில் எந்தப் பக்கத்தில் எந்த உருவம் இருந்தது, பலகையின் உயரம் என்ன, கொடிவேலை எவ்வகையது என்று கேட்டார். விடை கூற ஒருவரும் இல்லை. ஒரு படமும் இல்லை. விறகு விலையாக வந்த தொகையோ புதிய பலகை ஒன்றைச் செதுக்கும் கூலிக்கும் போதவில்லை.

அவ்வூரார் கலையை வெறுப்பவர் அல்லர். புதுத்தேருக்காகத் தம் உழைப்பையும் பொருளையும் மனமுவந்து தந்தவர்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கத் தவறிவிட்டனர், அவ்வளவே. இத்தவறு வேறு ஊர்களில் நேராதிருக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

களத்து மேட்டு முறை

கழிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை உழவருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அறுத்த கதிரைக் களத்தில் அடித்துத் தூற்றும்போது எல்லாவற்றையும் ஒரே குவியலாக விட்டுவிடுகிறோமா? விதைநெல்லைத் தனியே எடுத்து வைக்கிறோம். உணவுக்குரிய நெல்லைக் குதிரில் கொட்டுகிறோம். பதரையும் வீணாக்காமல் எருக்குழிக்கு அனுப்புகிறோம். ஊரில் கழித்துப் போட்ட கலைப்பொருள்களையும் இவ்வாறே மூன்றாகப் பிரித்தல் வேண்டும். கைபடாமல் காக்க வேண்டியவை விதைநெல் போன்றவை. புதுக்கலையாக மாற்றத் தக்கவை உணவு நெல் போன்றவை. எதற்கும் உதவாமல் மண்ணோடு சேர வேண்டியவை பதர் போன்றவை.

விதைநெல் எது?

பழமையான சிலை, கல்வெட்டு, நடுகல், செப்பேடு, ஓலைச்சுவடி ஆகியன விதைநெல் போன்றவை. இவற்றை வெட்டவோ, ஒட்டவோ, வண்ணம் பூசவோ, உருக்கவோ கூடாது. சட்டமும் இதனை வற்புறுத்துகின்றது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியன தொல்பொருள்களாம். வரலாறு, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றில் மதிப்புடைய கையெழுத்துச் சுவடியாயின் 75 ஆண்டுகளே போதும். உரிமம் இல்லாதவர் தொல்பொருள் வாணிகம் செய்யலாகாது. தனியார் எவரும் அவற்றை அயல்நாட்டுக்கு அனுப்புதல் குற்றமாகும். ஏர் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ மண்ணுள் மறைந்திருந்த புதையல் கிடைக்குமாயின், அது 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். கோயிற் பொருளாயின் கோயில் நிர்வாகத்தின் இசைவும், அறநிலையத் துறையின் ஆட்சிக்கு உட்பட்ட கோயிலாயின் அத்துறையின் அனுமதியும் இன்றியமையாதவை. பஞ்சாயத்து தானாக ஏலம் விடலாகாது.

நம் முன்னோர் இதில் நமக்கு நல்வழி காட்டியிருக்கின்றனர். பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார், செங்கல்லால் ஆன கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லால் புதுப்பித்தார். திருக்கோடிக்காவல் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தனர். பழங்கல்லைப் பார்த்துப் படியெடுத்தது என்ற குறிப்பையும் உடன் வெட்டினர். பழங்கற்கள் போயின, அவற்றில் இருந்த செய்தி இன்றும் நிற்கின்றது. புதுமை செய்யுமுன் பழமையைப் படியெடுத்துக் கொள் என்பதே அச்சுவர் நமக்குக் கூறும் பாடம். உளியும் கல்லும் கொண்டு அன்று செய்ததை, ஒரு கைப்பேசிப் படமும் ஓர் அளவுநாடாவும் கொண்டு இன்று ஒரு பிற்பகலில் நாம் செய்து முடிக்கலாம்.

மண்குதிரை

இனி, புதுக்கலையாக மாற்றத் தக்கவற்றைக் காண்போம். முதலில் மண். புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டத்து ஊர்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஊர் மண்ணில் ஒரு பிடியை வேளாரிடம் கொடுத்து வேலையைத் தொடங்குவர். அதற்குப் பிடிமண் என்று பெயர். களிமண்ணுடன் மணலும் உமியும் கலந்து பிசைந்து, முதலில் நான்கு கால்களை உள்கூடாக எழுப்பி, ஈரம் சற்று ஆறிய பின் உடலையும், அதன் பின் கழுத்தையும் தலையையும் சேர்ப்பர். நெருப்பில் உமி எரிந்து போன இடங்களில் நுண்ணிய துளைகள் உண்டாகும். அதனால் பருமனான உருவமும் வெடியாமல் வேகும். புரவியெடுப்பன்று குதிரைகளை ஊர்வலமாகக் கொண்டு போய்க் கோயில் முன் வரிசையாக நிறுத்துவர்.

பழைய குதிரை உடைந்தால் அதனை ஒட்டுவதில்லை. பக்கத்தில் புதியது வந்து நிற்கும். பழையது வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணில் சாயும். உடைவதும் புதிதாய்ச் செய்வதும் அவ்வழிபாட்டின் பகுதிகளாகவே அமைந்திருத்தலின், வேளார் தொழில் தலைமுறை தலைமுறையாக நின்று வருகின்றது. உடையாத குதிரை ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டால், அடுத்த தலைமுறை வேளாருக்கு அத்தொழில் ஏது?

சுட்ட மண் மீண்டும் குழையாது என்பது நாம் அறிந்ததே. ஆயினும் அது பயனற்றதன்று. சுட்ட ஓட்டை இடித்துச் சலித்த தூளைப் புதுக்களிமண்ணில் அளவாகச் சேர்த்தால், மண் காயும்போது சுருங்குவது குறையும், வெடிப்பும் குறையும். அத்தூள் முன்னரே தீயில் சுருங்கியதாதலின் மறுபடி சுருங்காது. அதனையே நன்கு பொடித்துச் சுண்ணாம்புடன் கலந்தால் சுர்க்கிச் சாந்து ஆகும். பெரிய துண்டுகளைச் சுவரில் பதித்து உருவங்கள் அமைக்கலாம். ஆனால் நேர்ந்துகொண்டு வைத்த குதிரையின் துண்டை, கோயிலாரும் ஊராரும் இசைந்தாலன்றித் தொடுதல் கூடாது. சூளையிலேயே வெடித்தவை, வழியில் உடைந்தவை, விற்காமல் கழிந்தவை ஆகியனவே இதற்கு ஏற்றவை. புதுமண்ணுக்கும் வழியுண்டு. ஏரி, குளங்களில் உள்ள வண்டலையும் களிமண்ணையும் வேளாண்மைக்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரிடமே அனுமதி பெறும் முறையை அரசு 2024-ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. வேளார் குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து உதவுவது பஞ்சாயத்து உறுப்பினர் செய்யத்தக்க தொண்டு.

பழஞ்சேலை

அடுத்துத் துணி. பாட்டியின் பழஞ்சேலையே பேரனுக்குத் தொட்டில். கிழிந்த புடவைகளை அடுக்கித் தைத்ததே அவன் படுக்கை. இதே வழக்கம் வங்காளத்து ஊர்களில் பெருங்கலையாய் வளர்ந்தது. அதற்குக் காந்தா என்று பெயர். நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழஞ்சேலைக் கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே சிறுசிறு தையலிட்டு, தாமரை, மீன், யானை, பல்லக்கு முதலிய உருவங்களைப் பெண்கள் அமைத்தனர். நெசவாளர் கைத்திறனால் உண்டான கரை, கழிந்த பின்னர் தாயின் கைத்திறனால் வேறொரு கலையாயிற்று. செலவு ஊசி ஒன்றே.

இத்தகைய கிராமக் கலைகள் மறைந்துவிடலாகாதென்று அவற்றைத் தேடித் திரட்டியவர் குருசதய் தத். 1882-இல் பிறந்து 1941-இல் மறைந்த இவர் ஐ.சி.எஸ். அதிகாரி. பணியின் பொருட்டு ஊர் ஊராகச் சென்றபோது காந்தாக்களையும் படச்சுருள்களையும் பொம்மைகளையும் சேகரித்தார். தம் மறைந்த மனைவியார் சரோஜ் நளினியின் நினைவாக 1925-இல் கிராமப் பெண்கள் முன்னேற்றத்துக்கெனச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தார். கலையைத் திரட்டியவரே பெண்கள் முன்னேற்றத்துக்கும் உழைத்தார் என்பதை இங்குள்ள தாய்மார்கள் கருத வேண்டும்.

நம் பக்கத்தில் பழம்பட்டுச்சேலையின் கதி என்ன? அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டுக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஆதலால் தெருவில் வரும் வியாபாரி பழஞ்சேலையை வாங்கிச் சென்று, சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றுவிடுகிறார். வெள்ளி கிடைக்கிறது, கரையில் இருந்த அன்னமும் மயிலும் சாம்பலாகின்றன. உடல் கிழிந்தாலும் கரையும் முந்தானையும் பல சேலைகளில் கெடாமல் இருக்கும். அவற்றைக் கொண்டு பை, திண்டுறை, சுவர்த்தொங்கல், குழந்தைச் சட்டை ஆகியவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்கள் தைக்கலாம். வெட்டுமுன் கரையின் மாதிரியைப் படமெடுத்து வைத்தால், நெசவாளர் ஒருவர் அதே கரையை மீண்டும் தறியில் ஏற்றவும் கூடும். இங்கும் படியெடுத்தலே முதற்பணி.

பித்தளையும் மரமும்

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பழம்பித்தளையை உருக்கி வார்த்தே பெரிதும் செய்யப்படுகின்றது. ஒடிந்த விளக்கு புதுவிளக்காய் மீண்டும் கூடத்தில் ஏறுகின்றது. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உருக்குந்தோறும் துத்தநாகத்தில் ஒரு பங்கு புகையாய்ப் போய்விடுமாதலின், எவ்வளவு சேர்ப்பது என்று அறிந்த கைத்திறனாளர்தாம் அதனை வார்க்க வல்லவர். பழையது என்ற மாத்திரத்தில் எதையும் உருக்கலாகாது. அடியில் பெயரோ ஆண்டோ வெட்டிய விளக்காயின், அதனை முதலில் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். அது 100 ஆண்டுக்கு முற்பட்டதாயின் உருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

மரவேலையில் இழப்பு இன்னும் பெரிது. செட்டிநாட்டில் பழைய வீடுகள் இடிபடும்போது, தேக்குத் தூண்களும் நிலைகளும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு நிற்பதைக் காணலாம். அவற்றுட் சில புதிய வீட்டின் வாயிலில் மீண்டும் நிமிர்கின்றன. வேறு சில, பலகையாக அறுபட்டுப் பெயரின்றிப் போகின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, இதற்கு ஒரு நல்வழியைக் காட்டுகின்றது. இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, அங்கே மீண்டும் எழுப்பியிருக்கின்றனர். ஓர் ஊருக்கு அவ்வளவு பெரிய முயற்சி இயலாமற் போகலாம். இடிபட்ட வீட்டின் செதுக்கிய நிலை ஒன்றை ஊர் நூலகத்தின் வாயிலில் நிறுத்துவது எந்த ஊருக்கும் இயலும்.

சண்டீகரில் ஓர் உழவர் மகன்

இவையெல்லாம் தொழில் கற்றவர் செய்பவை. பயிற்சி இல்லாதவரால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு விடையாக வட நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறுவோம். நேக் சந்த் என்பவர் 1924-இல் பஞ்சாபில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1947-இல் நாடு பிரிந்தபோது, பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டமையால், இந்தியாவுக்கு வந்தவர். சண்டீகர் நகரம் கட்டப்பட்ட காலத்தில் அங்கே சாலை மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். புதுநகருக்காகப் பல சிற்றூர்கள் அகற்றப்பட்டன. அவ்வூர் மக்கள் விட்டுச் சென்ற உடைந்த பாண்டங்கள், கண்ணாடி வளையல்கள், பீங்கான், ஓடுகள் ஆகியவற்றை அவர் மிதிவண்டியில் சேர்த்து வந்தார். வேலை முடிந்த பின் இரவு நேரங்களில், காட்டுப்பகுதி ஒன்றில், எவரும் அறியாமல் அவற்றைச் சிமெண்டில் பதித்து மனிதர், விலங்கு, பறவை உருவங்களை ஆக்கினார்.

ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இப்பணி மறைவாகவே நடந்தது. அது அரசாங்க நிலம், அனுமதியின்றிக் கட்டியது. அதிகாரிகள் கண்டறிந்தபோது இடித்துவிட்டிருக்கலாம். இடிக்கவில்லை. 1976-இல் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கு ஊதியமும் துணையாட்களும் தந்தனர். 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015-இல் அவர் மறைந்த பின்னரும், பாறைத் தோட்டம் என்னும் அவ்விடத்தைக் காண மக்கள் திரளுகின்றனர். ஒவ்வொரு வளையலும் ஒரு கைவினைஞர் செய்தது. ஒரு பெண் அணிந்தது. ஊர்கள் அழிந்தன, அவ்வூர்களின் உடைசல்கள் இன்றும் உருவங்களாய் வரிசையில் நிற்கின்றன. ஆர்வத்துடன் அலைந்தவர் ஒருவர். இடிக்காமல் விட்டவர் ஆட்சியாளர். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்விரண்டாவது செய்தியை மறத்தல் கூடாது.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

முதலாவது, ஓர் ஏடு. ஊரில் உள்ள பழங்கலைப் பொருள் ஒவ்வொன்றின் படம், அளவு, இருக்கும் இடம், கொடுத்தவர் அல்லது செய்தவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுக. பள்ளி மாணவர்களை இப்பணியில் ஈடுபடுத்தினால் அது அவர்களுக்கு வரலாற்றுப் பாடமாகவும் அமையும்.

இரண்டாவது, நனையாத ஓர் இடம். விற்பதா, மாற்றுவதா என்று முடிவாகும் வரை பொருள்கள் மழையிலும் கறையானிலும் கெடாமல் இருக்க ஓர் அறையின் மூலை போதும்.

மூன்றாவது, எடைக்கல்லை அழைக்குமுன் கைவினைஞரை அழைத்தல். தச்சர், வேளார், கன்னார், நெசவாளர் ஆகியோருள் உரியவர் பார்த்துச் சொன்ன பிறகே ஏலம். காலத்தைப் பற்றி ஐயம் எழுமாயின் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ எழுதிக் கேட்க வேண்டும்.

நான்காவது, முடிவை ஊர் அறிய எடுத்தல். ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் இதனை வைத்தால், பின்னர் மனத்தாங்கலுக்கு இடமிராது. நம்பிக்கையைப் புண்படுத்திக் கலை வளர்க்க இயலாது. வழிபட்ட உருவத்தை நீரில் விடுவதா, மண்ணில் புதைப்பதா என்பதை அதற்குரியவரே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது, நேர்மை. பழைய மரத்தில் புதிதாய்ச் செதுக்கியதைப் பழஞ்சிற்பம் என்று விற்பது வஞ்சகம். செய்தவர் பெயரையும் ஆண்டையும் அதில் குறித்தல் வேண்டும். அதனால் வாங்குபவர் ஏமாறார். கைவினைஞருக்கும் புகழ் சேரும். கூலியைக் குறைத்துக் கலையைப் புகழ்வதில் பொருளில்லை.

இவற்றுள் எதற்கும் பெருநிதி வேண்டுவதில்லை. வரும் போகிக்கு முன்னதாக ஒரு நாள் ஒதுக்கி, நெருப்பில் போட எடுத்து வைத்தவற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தாலே தொடக்கம் ஆகிவிடும்.

முடிவுரை

தேர்ப்பலகைகளை விறகாய் விற்ற ஊரைப் பற்றிக் கூறினோம். அதன் பிற்பகுதியையும் கூறி முடிப்போம். ஸ்தபதி கேட்டதை அறிந்த ஓர் உழவர், தம் மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் சரியாமல் இருக்க அண்டக் கொடுத்திருந்த இரண்டு பலகைகளை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய தந்தையார், முன்னொரு முறை தேரைப் பழுது பார்த்தபோது கழித்தவற்றை வாங்கிப் போட்டவையாம் அவை. ஒன்று அரித்துப் போயிருந்தது. மற்றொன்றில் குதிரை வீரன் உருவம் முழுதாக இருந்தது. அதிலிருந்து ஸ்தபதி உயரத்தையும் கொடிவேலையின் போக்கையும் அறிந்துகொண்டு மற்றப் பலகைகளைச் செதுக்கினார். கோயிலார் இசைவுடன் அப்பழம்பலகையும் வெட்டாமல், இழைக்காமல், புதியவற்றின் நடுவே ஏற்றப்பட்டது. தேரோட்டத்தன்று அவ்வுழவர் வடம் பிடிப்பதற்கு முன் அந்த ஒரு பலகையைத் தேடிப் பார்த்ததை நாம் கண்டோம்.

உங்கள் ஊர்க் கொட்டகையிலும் அத்தகைய பலகை ஒன்று இருக்கக்கூடும். ஊருக்குத் திரும்பியதும் அதனைத் தேடிப் பாருங்கள்.